கட்டோவிட்சேயின் கடைசி மீட்டர்கள்: சைக்கிள் பந்தயத் தடுப்புகள் ஏன் மாற வேண்டியிருந்தது

2020 ஆகஸ்ட் 5. போலந்தின் கட்டோவிட்சே நகரம். டூர் ஆஃப் போலந்து பந்தயத்தின் முதல் நாள், கடைசி சில நூறு மீட்டர். சாலை கீழ்நோக்கிச் சரிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர்களின் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் டிலன் குரூனவேகன். அவருக்கும் ஓரத் தடுப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறது, அதில் புகுந்து முந்தப் பார்க்கிறார் ஃபாபியோ யாகோப்சன். இருவரும் நெதர்லாந்துக்காரர்கள். யாகோப்சனுக்கு 23 வயது, நாட்டுச் சாம்பியன் என்பதால் சிவப்பு, வெள்ளை, நீலச் சட்டை போட்டிருக்கிறார். குரூனவேகன் தன் நேர்கோட்டை விட்டு ஓரமாகச் சாய்கிறார். சந்து மூடிக்கொள்கிறது.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. தடுப்பில் மோதிய யாகோப்சனை அந்தத் தடுப்பு தாங்கவில்லை. பிய்த்துக்கொண்டு பறந்தது. அவர் அதைத் தாண்டி விழுந்து, முடிவுக்கோட்டருகே நின்றிருந்த பந்தய அலுவலர் ஒருவர் மீதும் மோதினார். கழன்ற துண்டுகள் சாலைக்குள் வந்து விழ, பின்னால் வந்தவர்களும் அதில் சிக்கிச் சரிந்தார்கள். குரூனவேகனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. முதலில் கோட்டைத் தொட்டவர் அவர்தான், ஆனால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அன்றைய வெற்றி யாகோப்சன் பேருக்குப் போனது, அவரோ மருத்துவமனையில் செயற்கை மயக்கத்தில் கிடந்தார்.

காயங்களின் பட்டியலை அவரே பிறகு வெளியிட்டார். மூளையில் அடி, மண்டை ஓட்டில் விரிசல், மூக்கு முறிவு, மேலண்ணம் கிழிந்து உடைந்தது, பத்துப் பற்கள் போனது, மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் எலும்பு இழப்பு, குரல்வளை நரம்பில் பாதிப்பு, நுரையீரலில் கன்றல். முகத்தில் 130 தையல். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையைக் கட்டினார்கள். இதை விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "பந்தயம்னா விழத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் இந்த விளையாட்டில் நெடுநாளாக உண்டு. கீழே விழுவது வேறு, இப்படி ஆவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை உண்டாக்கியது எது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

யார் தவறு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது

விபத்து நடந்த அன்றே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ குரூனவேகனைக் கடுமையாகக் கண்டித்தது. நவம்பரில் அவருக்கு ஒன்பது மாதத் தடை அறிவிக்கப்பட்டது, விபத்து நாளிலிருந்து கணக்கிட்டு 2021 மே 7 வரை. ஸ்பிரிண்டில், அதாவது முடிவுக்கு முந்தைய கடைசி முழுவேக ஓட்டத்தில், தான் போகும் நேர்கோட்டை விட்டுக் கோடு மாறுவது விதிமீறல், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அவரும் தவறை ஒப்புக்கொண்டார்.

ஆனால் கோடு மாறுவது ஸ்பிரிண்டில் அரிதாக நடக்கிற காரியமா என்ன? கால் எரிகிறது, இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது, தலை குனிந்திருக்கிறது, பக்கத்து ஆளின் மூச்சு கேட்கிறது. அந்த நிலையில் மனிதன் அரை மீட்டர் விலகுவான். எல்லாப் பந்தயத்திலும் விலகுகிறான். நடுவர்கள் வருடம் முழுக்க அதற்காக ஆட்களை முடிவுப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டோவிட்சே நடந்து ஐந்தே வாரத்தில், டூர் டி பிரான்ஸின் பொவாத்தியே ஸ்பிரிண்டில் பீட்டர் சகான் தடுப்போரமாக நெருக்கிப் புகுந்து, பக்கத்தில் வந்தவரைத் தோளால் இடித்ததற்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அங்கே யாரும் விழவில்லை. அதனால் ஒரு நாள் பேச்சோடு முடிந்தது.

ஆக, தவறு நிச்சயமாக நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஓரத்தை அமைக்க வேண்டும். ஸ்வீடன் 1997ல் தன் சாலைக் கொள்கையையே இந்த அடிப்படையில் மாற்றி எழுதியது: ஓட்டுபவர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு விலை உயிராக இருக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சாலையை அமைப்பவருக்கும் உண்டு. சைக்கிள் பந்தயத்தின் கடைசி 300 மீட்டருக்கு இந்த எண்ணம் வந்து சேர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

கட்டோவிட்சே முடிவுக்கோடு வேகத்துக்குப் பேர்போனது. பல வருடமாக அதே இறக்கத்தில் பந்தயம் முடிந்துகொண்டிருந்தது, ஓட்டுபவர்கள் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார்கள். இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும், எழுதும்போதே மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது. இதே பந்தயம், இதே தேதி, ஒரு வருடம் முன்பு, 2019 ஆகஸ்ட் 5. பெல்ஜியத்தின் பியோர்க் லாம்பிரெக்ட், 22 வயதுப் பையன், சாலையை விட்டு விலகி ஓரத்தில் இருந்த கான்கிரீட் மதகில் மோதி இறந்துபோனார். அங்கே தடுப்பே இல்லை, இங்கே தடுப்பு இருந்தது. ஓரம் எப்படி இருந்தது என்பதே இரண்டு இடத்திலும் முடிவைத் தீர்மானித்தது.

ஒரு கணக்கு

தடுப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது "தடுத்து நிறுத்துவது". கூட்டத்தைப் பொறுத்தவரை அது சரி. வண்டியில் வருபவரைப் பொறுத்தவரை அது கொலைகாரத்தனமான எண்ணம்.

80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஓட்டுபவர் தடுப்பை நோக்கி நேராக வருவதில்லை, கிட்டத்தட்ட அதற்கு இணையாகத்தான் வந்துகொண்டிருக்கிறார். பக்கத்து ஆள் தள்ளியதால் 10 டிகிரி கோணத்தில் போய் உரசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தடுப்பை நோக்கிய அவருடைய வேகம் 80 இல்லை, வெறும் 14 கி.மீ. தான். 14 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தோல் உரியும், தோள்பட்டை போகலாம். மீதி வேகம் முழுக்கத் தடுப்புக்கு இணையாக இருப்பதால், தடுப்பு வழவழப்பாக, விடாத ஒரே பரப்பாக இருந்தால் அவர் அதன் மேலேயே உரசிக்கொண்டு போய் மெல்ல மெல்ல வேகத்தை இழப்பார்.

இப்போது அதே தடுப்பில் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. பெடலோ ஹேண்டில்பாரோ அதில் மாட்டுகிறது. மாட்டிய அந்தக் கணத்தில் 14 என்பது போய் 80 வந்துவிடுகிறது. 80 கி.மீ. வேகத்தில் நிற்பது 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், எட்டு மாடி. மனிதன் அதேதான், வேகம் அதேதான், அதே தவறுதான். மேசையிலிருந்து விழுவதா எட்டாம் மாடியிலிருந்து விழுவதா என்பதை ஒரு இரும்புக் காலோ ஒரு இடைவெளியோ முடிவு செய்கிறது.

சரி, இப்படி எத்தனை இடத்தில் மாட்ட முடியும்? யூசிஐ விதிப்படி கோட்டுக்கு முன் 300 மீட்டரும் பின் 100 மீட்டரும் தடுப்பு வேண்டும். சாதாரண இரும்புத் தடுப்பு ஒன்று ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம். 300 மீட்டருக்கு ஒரு பக்கம் 120 தடுப்பு. ஒன்றுக்கு இரண்டு கால், ஆக 240 கால். நொடிக்கு 22 மீட்டர் போகிறவர் ஒரு நொடியில் ஒன்பது இணைப்பைக் கடக்கிறார். எந்த இணைப்பில் மாட்டினாலும் மாட்டியதுதான்.

இதை எழுதும் முன் எங்கள் தெருமுனையில் போலீஸ் போட்டு வைத்திருக்கும் தடுப்பு ஒன்றை அருகில் போய்ப் பார்த்தேன். சைக்கிளையும் கூடவே எடுத்துப் போயிருந்தேன். மேல் குழாய் என் ஹேண்டில்பாருக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. அடியில் கால் இரண்டு பக்கமும் ஒரு சாண் நீண்டிருக்கிறது, முனையில் யாரோ சுற்றிவிட்ட பழைய கயிறு. சைக்கிளைத் தடுப்பை ஒட்டி மெல்ல உருட்டிப் பார்த்தால், ஹேண்டில்பார் குழாயைத் தொடுவதற்கு முன்பே பெடல் அந்தக் காலில் போய் இடித்து நிற்கிறது. நடக்கிற வேகத்தில் உருட்டினேன், அப்படியும் பின்சக்கரம் எகிறி வண்டி என் பக்கம் திரும்பிவிட்டது. முன்னால் யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி. கணக்கில் போட்டுப் பார்த்ததைக் கையால் உணர்ந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இது முதல் தடவையும் இல்லை

1991 டூர் டி பிரான்ஸ், கடைசி நாள், பாரிஸின் ஷாம்ஸ் எலிசே. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்கான பச்சைச் சட்டையைப் போட்டிருந்த ஜமோலிதின் அப்துஜபரோவ் தலையைக் குனிந்துகொண்டு ஓரத் தடுப்பில் போய் மோதித் தூக்கி எறியப்பட்டார். சட்டையைத் தக்கவைக்கக் கோட்டைக் கடந்தாக வேண்டும் என்பதால் அவரைத் தாங்கிப் பிடித்துக் கடக்கவைத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அவருடைய மன உறுதியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். 2017 டூரில் வித்தெல் நகரில் மார்க் கேவண்டிஷ், சகானோடு நெருங்கி இடித்துக்கொண்டதில் தடுப்பில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்து வெளியேறினார். சகானை அந்த டூரிலிருந்தே நீக்கினார்கள், அது வேண்டுமென்று செய்ததில்லை என்று மாதக்கணக்கில் கழித்துச் சமரசம் ஆனது. முழங்கையை நீட்டினாரா இல்லையா என்று உலகமே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. பக்கத்தில் இருந்த தடுப்பைப் பற்றிய பேச்சு அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

மலை இறக்கங்களில் கதை இன்னும் பழையது. 1995ல் போர்தே தாஸ்பே இறக்கத்தில் ஃபாபியோ காசார்தெல்லி விழுந்து சாலையோரக் கான்கிரீட் கட்டையில் தலை மோதி இறந்தார். அதற்குப் பிறகு ஹெல்மெட் பேச்சு எழுந்தது. 2003ல் பாரீஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகு ஹெல்மெட் கட்டாயமானது. நல்ல விதி, பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனாலும் கவனியுங்கள், ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்வது ஓட்டுபவரைத்தான்: தலையில் இதைப் போடு, கையை இப்படி வைக்காதே, கோட்டை மாற்றாதே. கட்டை அங்கேயே இருக்கும். 2011ல் ஜீரோ டி இத்தாலியாவில் வௌட்டர் வெய்லண்ட் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பாசோ டெல் போக்கோ இறக்கத்தில் வந்தார். சாலையோரத் தாழ்ந்த சுவரில் உரசியதில் எதிர்ப்பக்கம் தூக்கி எறியப்பட்டு இறந்தார். அவருடைய 108 என்ற எண்ணை அந்தப் பந்தயத்தில் இனி யாருக்கும் தருவதில்லை.

என்ன மாறியது

2021 பிப்ரவரியில் யூசிஐ ஒரு பாதுகாப்புத் தொகுப்பை அறிவித்தது. அதில் இறக்கத்தில் சைக்கிளின் மேல் குழாயில் உட்கார்ந்து போவதற்குத் தடை போட்ட பகுதிதான் பெரிய சண்டையைக் கிளப்பியது, அதைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். தடுப்புகளுக்குத் தரம் வகுப்பது என்ற பகுதியும் அதில் இருந்தது, என் பார்வையில் முக்கியமானது அதுதான்.

அந்த மாதக் கடைசியிலேயே ஒரு தடுப்பு களத்துக்கு வந்துவிட்டது. பெல்ஜியத்தில் வசந்தகாலப் பந்தயங்களை நடத்தும் பிளாண்டர்ஸ் கிளாசிக்ஸ், போப்லான் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. போப்லான் சைக்கிள் கம்பெனி கிடையாது. கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்து மோதினால் சுவரும் ஆளும் தப்பிக்க வைக்கும் பாலிமர் தடுப்பு செய்கிறவர்கள். மோதலை வாங்கிக்கொண்டு வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் அவர்களுக்குக் கைவந்தது. 2021 பிப்ரவரி 27, ஓம்லோப் ஹெட் நியூஸ்பிளாட் பந்தயம், நினோவ நகர முடிவில் இந்தத் தடுப்பு நின்றது. அன்று அந்தத் தடுப்புகளுக்கு நடுவே கூட்ட ஸ்பிரிண்டில் வென்றவர் டாவிடே பல்லெரினி, யாகோப்சனின் அதே டீம்காரர்.

அந்தத் தடுப்பில் என்ன புதுமை என்று கேட்டால், ஒவ்வொன்றும் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

முதலாவது, சாலைப் பக்கம் கால் கிடையாது. தாங்கும் பகுதி முழுக்கப் பார்வையாளர் பக்கம் போய்விட்டது. மேலே சொன்ன 240 காலும் ஒரே அடியில் காணாமல் போயிற்று.

இரண்டாவது சாய்வு, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பரப்பு செங்குத்தாக இல்லாமல் மேல் பாகம் கூட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. செங்குத்துத் தடுப்பில் ஓட்டுபவர் நெருங்கும்போது முதலில் தொடுவது ஹேண்டில்பாரும் கையும்தான். ஹேண்டில்பார் முனை பட்டால் முன்சக்கரம் தடுப்புப் பக்கமாகத் திரும்பும், திரும்பினால் கதை முடிந்தது. சாய்ந்த தடுப்பிலோ அடிப்பகுதி மட்டும் முன்னே இருப்பதால் முதலில் உரசுவது டயரும் ஷூவும். கை விடுதலையாக இருக்கிறது. தோளைச் சாய்த்து உடம்பை மறுபக்கம் இழுத்துக்கொள்ள ஒரு கண நேரம் கிடைக்கிறது. ஸ்பிரிண்டருக்கு அந்த ஒரு கணம் போதும், அவர்களுடைய உடம்பு அப்படிப் பழகியது.

கூடவே இன்னொரு லாபம். சாய்ந்த தடுப்புக்குப் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் அவருடைய கை, போன், கேமரா வார் எதுவும் சாலைக்குள் நீளாது. 1994 டூர் டி பிரான்ஸின் அர்மாந்தியே முடிவில், படம் எடுக்கச் சற்று வெளியே நின்ற ஒரு போலீஸ்காரர் மீது மோதித்தான் வில்ஃபிரீட் நெலிசன் விழுந்தார், லாரன்ட் ஜலாபெரின் முகம் உடைந்தது. கூட்டத்தை ஒரு முழம் தள்ளி நிறுத்துவதும் தடுப்பின் வேலைதான்.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒன்றோடு ஒன்று இறுகப் பிணைந்த துண்டுகள், ஒரே தோலாகத் தெரியும் முகம். மோதல் ஒரு துண்டோடு நிற்காமல் பக்கத்துத் துண்டுகளுக்கும் பரவுகிறது. கட்டோவிட்சேயில் துண்டுகள் தனித்தனியாகப் பறந்ததை நினைத்துப் பாருங்கள். இறுகக் கட்டிய வரிசையில் அது எளிதில் நடக்காது. தடுப்பு பறந்தால் இரண்டு பேராபத்து: மோதியவருக்கு உரச எதுவும் மிஞ்சாது, பின்னால் வருபவருக்குச் சாலையில் இரும்பு கிடக்கும்.

இந்தச் சிந்தனை பந்தயத்துக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து இரும்புப் பட்டைத் தடுப்பு காருக்காகப் பிறந்தது. பட்டை காரை வாங்கிக்கொள்ளும் உயரத்தில் இருக்கிறது, சைக்கிளில் உட்கார்ந்தவரின் இடுப்பு அதற்கு மேலே இருப்பதால் மோதினால் அப்படியே தாண்டி விழுவார். கீழே சறுக்கி வந்தாலோ பட்டைக்கு அடியில் தூண்கள் காத்திருக்கும். பைக் ஓட்டிகள் இந்தத் தூண்களுக்கு எதிராக ஐரோப்பாவில் பல காலம் குரல் கொடுத்தார்கள். ஸ்பெயின் 2005ல் யூஎன்இ 135900 என்ற சோதனைத் தரத்தைக் கொண்டுவந்தது: மனித பொம்மையைத் தரையில் சறுக்கவிட்டு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 30 டிகிரி கோணத்தில் தடுப்பில் மோதவைக்க வேண்டும். பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டையோ பாலிமர் திரையோ கட்டித் தூண்களை மூடினால்தான் தேற முடியும். அமெரிக்காவின் சைக்கிள் பாதை வழிகாட்டியிலும் இதே வாசனை அடிக்கிறது. பாலக் கைப்பிடியில் 90 முதல் 110 செ.மீ. வரையிலான உயரத்தில், அதாவது ஹேண்டில்பார் உயரத்தில், வழவழப்பான அகலப் பட்டை ஒன்று ஓடட்டும் என்கிறது. ஹேண்டில்பார் கம்பிகளுக்கு நடுவில் போய்ச் சிக்கக் கூடாதே என்பதற்காக. யாரோ ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்து பாலத்தைக் கடந்து பார்த்துவிட்டு எழுதிய வரி போல் இருக்கிறது அது.

இன்னும் முடியாத பகுதிகள்

யாகோப்சன் 2021 ஏப்ரலில் துருக்கிச் சுற்றில் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். அந்த ஆண்டே ஸ்பெயின் சுற்றான வுவெல்டாவில் மூன்று ஸ்டேஜ், அதாவது மூன்று நாள் ஓட்டங்கள், ஜெயித்துப் பச்சைச் சட்டையோடு முடித்தார். 2022 ஜூலை 2, டூர் டி பிரான்ஸ், டென்மார்க்கின் நியூபோர்க் நகரம், கூட்ட ஸ்பிரிண்ட்: வென்றவர் யாகோப்சன். மறுநாள் சோண்டர்போர்க்கில் வென்றவர் குரூனவேகன். அடுத்தடுத்த நாள். நான் அந்த இரண்டு ஸ்பிரிண்டையும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அவர்கள் கோட்டை நெருங்கும்போது யார் முன்னால் என்பதைவிடக் கண் ஓரத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

தடுப்பைப் பொறுத்தவரை பணமும் இடமும்தான் அடுத்த முட்டுக்கட்டை. பெரிய பந்தயத்துக்குத் தடுப்பை ஏற்றிச் செல்லத் தனி லாரிகள் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்தி மறுநாள் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக ஆள் உண்டு. சிறிய பந்தயம் நகராட்சிக் கிடங்கில் இருக்கிற இரும்புத் தடுப்பை வாங்கிப் போடும், வேறு வழியில்லை. சாய்ந்த தடுப்பு பின்பக்கம் அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். பழைய ஊர்களின் குறுகிய தெருவில் ஒரு முழம் அகலம்கூடப் பெரிய பேரம். ஆளும் கூட்டமும் கடைவாசலும் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும்.

தொடக்கத் துண்டு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 300 மீட்டர் தடுப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அது எங்கோ ஓரிடத்தில் தொடங்குகிறது அல்லவா? அந்த முதல் முனை, வருபவரைப் பார்த்து நீட்டிய கத்தி மாதிரி. டீம் கார்களை ஒதுக்கிவிட நடுவில் விடும் வாசலிலும் இதே பிரச்சினை. நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் தடுப்பின் முனையைச் சாலையிலிருந்து விலக்கி வளைத்துக் கொண்டுபோவார்கள். பந்தயத்திலும் முதல் மூன்று நான்கு துண்டையாவது அப்படி வளைத்து நிறுத்த வேண்டும், வாசலின் தூரத்து முனையை உள்வாங்கி வைக்க வேண்டும். செலவே இல்லாத வேலை இது, நிறுத்துகிற ஆளுக்கு ஏன் என்று புரிந்திருந்தால் போதும்.

கோட்டுக்கு முந்தைய 300 மீட்டருக்கு வெளியே என்ன ஆகிறது என்பதும் இருக்கிறது. 2023 ஜூனில் சுவிட்சர்லாந்துச் சுற்றில் அல்புலா கணவாய் இறக்கத்தில் சாலையை விட்டு விழுந்த ஜீனோ மேடர் மறுநாள் இறந்துபோனார். 2024 ஏப்ரலில் பாஸ்க் நாட்டுச் சுற்றில் ஒரு வளைவில் யோனாஸ் விங்ககோர், ரெம்கோ எவனப்பூல், பிரிமோஸ் ரோக்லிச் என்று அந்த வருட டூரின் முன்னணி ஆட்கள் ஒரே விபத்தில் வெளியேறினார்கள். ஓரத்தில் கான்கிரீட் வடிகாலும் கல்லும் மரமும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இறக்கத்துக்குத் தடுப்பு போட முடியாது என்பது உண்மை. எந்த வளைவில் வெளியே போவார்கள் என்பதை ஊகிக்க முடியும், அங்கே மெத்தை கட்ட முடியும், முடியாத இடத்தில் அந்த இறக்கத்தையே பாதையிலிருந்து எடுத்துவிட முடியும். 2023ல் டீம்கள், ஓட்டுபவர்கள், அமைப்பாளர்கள், யூசிஐ சேர்ந்து சேஃப்ஆர் என்ற அமைப்பைத் தொடங்கியது இந்த வேலைகளுக்காகத்தான்.

பழைய இரும்புத் தடுப்பை வைத்துப் பந்தயம் நடத்தப் போகும் சிறிய அமைப்பாளர் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்தவரை நிறைய செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் கால் நீண்ட மாதிரியாக இருந்தால் அந்தக் காலைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் நீண்டிருந்தால் அந்தத் தடுப்பைக் கடைசி 150 மீட்டரில் வைக்காதீர்கள், கோட்டுக்குப் பின்னால் வேகம் தணிந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கொக்கியில் மாட்டியதோடு விடாமல் கட்டுக்கம்பி போட்டு இறுக்குங்கள். விளம்பரத் தட்டியை மேல் குழாயில் மட்டும் கட்டித் தொங்கவிடாமல் அடிவரை இழுத்துக் கட்டுங்கள், துண்டுக்குத் துண்டு இடைவெளி விடாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி, வருகிற திசைக்கு ஏற்ப மீன் செதில் மாதிரி. எதிர்த்திசையில் ஏற்றினால் ஒவ்வொரு விளிம்பும் பெடலுக்குக் கொக்கியாகிவிடும். நிறுத்தி முடித்ததும் யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தடுப்பை உரசியபடி முழு நீளமும் உருட்டிப் பார்க்கட்டும். மாட்டுகிற இடமெல்லாம் கைக்கே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், கோட்டை எங்கே போடுவது என்று வரைபடத்தில் விரல் வைக்கும் நாளிலேயே சரிவைப் பார்த்துவிட வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் வருபவரிடம் இருக்கும் ஆற்றல் 60ல் வருபவரிடம் இருப்பதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. லேசான ஏற்றத்தில் கோட்டைப் போட்டால் வேகம் தானாகவே இறங்கும். கூட்டம் பிரிந்து வரும், யார் ஜெயித்தார் என்பதும் தெளிவாகத் தெரியும். அதே சாலைதான், அதே கால்வலிதான், பந்தயத்தை எதிர்த்திசையில் விட்டால் போதும்.